முத்திரை விழுந்த ரஹ்மான் சாகிப்

1944ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, சூப்பரின்டெண்டென்ட் ஹபீபுர் ரஹ்மானின் முதுகில் அரசாங்க முத்திரை விழுந்தது. அதன்படி அவர் மனிதர் உண்ணத் தகுந்தவர், ஏற்றுமதிக்கு மட்டும் உரியவர். அன்று மயிலாப்பூரில் கத்தரிக்காய் விலை சற்று இறங்கியிருந்தது. மழை இல்லை.

யுத்த காலத்தில் இலங்கைக்குப் போகும் கருவாடு, மிளகாய் வற்றல், புளி எல்லாம் அரசாங்கத்தின் கண்ணில் பட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும். அந்தக் கண் லஸ் பக்கத்தில் ஒரு வாடகை பங்களாவில் இருந்தது. அது சரக்குப் பரிசோதனைப் பிரிவு, அதற்குத் தலைவர் ரஹ்மான். குமாஸ்தா கிச்சா மாடவீதிக்காரர், பரம சைவம். கருவாட்டு மூட்டை வந்தால் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடியில் நின்று, காற்றடிக்கும் திசையை வைத்தே தரம் சொல்லிவிடுவார். முத்திரை குத்தும் பியூன் மண்ணாங்கட்டி நொச்சிக்குப்பத்துக்காரர். அந்தப் பிரிவு ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு மூட்டையைக்கூடத் தள்ளியதில்லை. இதை ரஹ்மான் தன் நிர்வாகத் திறமை என்று நினைத்தார். மேலிடத்திலும் அப்படியே நினைத்தார்கள். கொழும்பில் மூட்டையைப் பிரித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று விசாரிக்க அந்தப் பிரிவுக்கு அதிகாரம் கிடையாது.

மண்ணாங்கட்டியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. குத்துவதற்கு முன் மூட்டையை முகர்ந்து பார்த்து அபிப்பிராயம் சொல்வார். வேலை தேங்கியது. கடைசியில் ரஹ்மான் அவரைக் கூப்பிட்டு, வரிசையில் இருப்பதைக் குத்த வேண்டும், யோசிக்கக் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவு போட்டார். அந்த உத்தரவைப் பற்றி அவருக்கு உள்ளூர ரொம்பப் பெருமை. அந்தச் செவ்வாய்க்கிழமை ரஹ்மான், சாக்கு நிறக் கோட்டோடு புளி மூட்டைகளுக்கு நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்தார். வரிசையில் இருந்ததால் குத்து விழுந்தது.

"நீங்கோதானே சொன்னீங்கோ சாயபு, வரிசையில இன்னா கீதோ அத்த குத்து, ரோசனை பண்ணாதேன்னு" என்றார் மண்ணாங்கட்டி. ரஹ்மான் கோட்டைக் கழற்றிப் பார்த்தார்.

ஊதா மை கோட்டைத் தாண்டிச் சட்டைக்கும், சட்டையைத் தாண்டி முதுகுக்கும் போயிருந்தது. சீயக்காய் போட்டும் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. புதுச் சட்டை போட்டால் பொழுது விடிவதற்குள் அதிலும் வட்டமாகத் தெரிந்தது. ஈதுக்குத் தைத்த ஷெர்வானியிலும் தெரிந்தது. அதோடு அவர் கெட்டுப்போவதும் நின்றுவிட்டது. வியர்க்கவில்லை, தலை நரைக்கவில்லை, அக்கினி நட்சத்திரத்தில்கூட ஒரு ஈ அவர்மேல் உட்காரவில்லை. அந்தப் பிரிவு முத்திரை குத்திய சரக்குகளில் கெடாமல் இருந்தது அவர் ஒருவர்தான் என்பதை அலுவலகத்தில் எல்லோரும் கவனித்தார்கள், மரியாதைக்காக யாரும் சொல்லவில்லை.

சங்கடம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. முத்திரை விழுந்த சரக்கு துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். ரஹ்மானின் கால்கள் அசந்த நேரத்தில் கிழக்கே நகர ஆரம்பித்தன. படுத்த கட்டில் காலையில் கடல் பக்கத்துச் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. அவர் மனைவி ஜமீலுன்னிசா நாலு நாள் பார்த்தாள்; பிறகு கட்டிலை ஆட்டுக்கல்லோடு சேர்த்துக் கட்டினாள். அதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. தெருவில் இருந்தவர்களும் பழகிவிட்டார்கள். எதிர்வீட்டு வக்கீல், ரஹ்மான் பேசிக்கொண்டே நகர்வதைப் பார்த்து, தானும் பேசிக்கொண்டே கூட நகர்ந்தார்.

முத்திரையை ரத்து செய்ய வழி இல்லாமல் இல்லை. சரக்கு அலுவலகத்தில் இருக்கும்வரை சூப்பரின்டெண்டென்ட் அதை மறுபடி பரிசோதித்துத் தள்ளலாம். துறைமுக வாசலுக்குப் போய்விட்டால் அங்கே டியூட்டியில் இருப்பவர் தள்ளலாம். கிச்சா ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, "சார், நீங்களே உங்களை ஒரு தடவை பாத்துண்டு, சரக்கு சரியில்லேன்னு சொல்லிடுங்கோ. ஆச்சு" என்றார்.

ரஹ்மான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். தன்னை எல்லாக் கோணத்திலிருந்தும் பரிசோதித்தார். எவ்வளவு தேடியும் ஒரு குறையும் தட்டுப்படவில்லை. புழுத்த மிளகாயில் குறை காணாத மனிதர் தன்னிடம் எப்படிக் காண்பார்? தேர்ச்சி என்றே மறுபடியும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அப்படியே மூன்று வருஷம் ஓடியது. யுத்தம் முடிந்தது. அரிசிக்கு க்யூ முடியவில்லை. 1947இல் நாடு இரண்டாகப் போகிறது என்று ஆனதும், அரசாங்கம் ரஹ்மானைப் போன்றவர்களிடம் இங்கேயா அங்கேயா என்று கேட்டது. இங்கேதான் என்றார் அவர். அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும் பிறந்தது அந்தத் தெருவில். ஆனால் முதுகு வேறு சொன்னது. அரசாங்கத்தில் வாய்ச்சொல்லைவிட முத்திரைக்குத்தான் மதிப்பு என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

அதன் பிறகு தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், "எப்போ கிளம்பறேள்?" என்று கேட்டார்கள். பால்காரர் கேட்டார், ரேஷன் கடைக்காரர் கேட்டார், எதிர்வீட்டு வக்கீலும் கேட்டார். யாரும் பகையாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டார்கள். ஒவ்வொரு தடவை கேட்டபோதும் ரஹ்மான் ஒரு சாண் கிழக்கே தள்ளப்பட்டார். அந்தக் கேள்வி அவருக்கு வலித்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சூப்பரின்டெண்டென்டுக்கு வலி இருக்கலாமா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

தியாகராய நகரில் தையல் மெஷின் கடை வைத்திருந்த மைத்துனர் ஷரீஃப், கடையை விற்றுவிட்டு, கொழும்பு வழியாகக் கராச்சிக்குக் கிளம்பினார். சொல்லிக்கொள்ள வந்தவர் அக்காவை அழவைத்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது, "மச்சான், நீங்களும் வாங்களேன்" என்றார். அன்புக்குத்தான் சொன்னார். ஆனால் உள்ளே கட்டிலை ஆட்டுக்கல்லோடு கட்டியிருந்த கயிறு அறுந்தது அந்த வார்த்தையில்தான். ரஹ்மான் நின்ற நிலையில் தெருவில் இறங்கி, சாந்தோம் திரும்பி, கடற்கரை ஓரமாகத் துறைமுகத்தை நோக்கிப் போகலானார். ஜமீலுன்னிசா புர்காவை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவர் கோட்டுக் கையைப் பிடித்தாள். நிறுத்த முடியவில்லை. கூடவே நடந்தாள்.

"ஏங்க, நான் வரமாட்டேன்" என்றாள் நடந்துகொண்டே. "எங்க அம்மா இந்த மண்ணுலதான் படுத்திருக்காங்க. எனக்கு இத விட்டா வேற ஊரு தெரியாது."

"நானா போறேன்?" என்றார் ரஹ்மான். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "காலு போகுது, ஜமீலா."

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் அவர் முதுகைப் பார்த்துவிட்டுக் கூடையை ஓரமாக இழுத்து வழிவிட்டார்கள்.

துறைமுக வாசலில் அன்று டியூட்டி கிச்சாவுக்கு. பக்கத்தில் மண்ணாங்கட்டி. கப்பல் ஊதிவிட்டது. ரஹ்மான் மூட்டை வரிசைக்குள் தானாகப் போய், இரண்டு கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்றார். முத்திரையிட்ட சரக்கு சாட்சி சொல்லும் வழக்கம் இல்லை.

சூப்பரின்டெண்டென்ட் தேர்ச்சி என்று சொன்ன சரக்கைத் தள்ளினால், அடுத்த மாதம் கிச்சாவுக்கு வரவேண்டிய பிரமோஷன் இந்த ஜன்மத்தில் வராது. அவர் கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுத்தார். உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு சரக்குக்குக் கிட்டே போய் நின்றார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அத்தர் வாசனைக்கு அடியில், பயந்த மனுஷனின் வாசனை வந்தது.

"இதை அனுப்ப முடியாது" என்றார் கிச்சா. "பிரயாணம் தாங்காது. தள்ளுபடி."

தள்ளிய மூட்டையில் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போட வேண்டும் என்பது விதி. அந்தப் பிரிவில் யாரிடமும் சுண்ணாம்புக் கட்டி இல்லை. மண்ணாங்கட்டி ஒரு கூலியாளிடம் கடன் வாங்கி வந்து, ஊதா வட்டத்தின் மேல் அழுத்தமாகப் போட்டார். தள்ளிய சரக்கைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அடுத்த விதி. கிச்சா குரலை உயர்த்தி, வழக்கப்படி, "இந்தச் சரக்கு யாருது?" என்று கேட்டார்.

"என்னுது" என்றாள் ஜமீலுன்னிசா.

ரஹ்மானின் கால்கள் நின்றன. மூன்று வருஷத்து வியர்வை ஒரே சமயத்தில் ஊற்றியது. கப்பல் அவர் இல்லாமல் போயிற்று. கிச்சாவுக்குப் பிரமோஷன் கடைசிவரை வரவில்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டதாகவும் தகவல் இல்லை.

இருவரும் மயிலாப்பூர் டிராமில் ஏறினார்கள். கண்டக்டர் ரஹ்மானின் முதுகைப் பொறுமையாகப் படித்தார், வட்டத்தையும் பெருக்கல் குறியையும் சேர்த்து.

"இன்னா நைனா, லக்கேஜா, ஆளா?"

"ஆளுதான்" என்றாள் ஜமீலுன்னிசா. "எங்க வீட்டு ஆளு."

"அப்ப குந்து" என்று கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.