எல்லை இறங்கி வராத நவம்பர்

எங்கள் திருச்சபைச் சேகரத்தில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையிலான எல்லை, மே மாதம் ஆடுகளோடு மலைக்கு ஏறிவிடும். அக்டோபர் கடைசியில் அவற்றோடு இறங்கி வந்து ஓடையோரம் படுத்துக்கொள்ளும். அதனால் கோடையில் எங்கள் தேவாலயம் இங்கிலாந்தில் இருக்கும், குளிர்காலத்தில் வேல்ஸில் இருக்கும். வாசலில் உள்ள பெயர்ப்பலகையைத் திருப்பி மாட்டுவது சேகரத்தின் எழுத்தரான என் வேலை. மனைவியின் நர்ஸ் உத்தியோகத்துக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. ஒரு தடவைகூட நான் பலகையைத் தாமதமாகத் திருப்பியதில்லை.

ஓடைக்குக் கிழக்கே வில்ஃப்ரெட் குடியிருந்தார், மேற்கே நெஸ்டா. இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், இருவரும் ஆடு வளர்த்தார்கள். பத்தொன்பது வருடங்களாக, கம்பளி கத்தரிக்கும் நாளில், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று வில்ஃப்ரெட் கேட்பார். அடுத்த ஆட்டைப் பிடித்துவா என்று நெஸ்டா சொல்வார். இந்த ஜூலையில் நெஸ்டா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"சரி. ஆனா கல்யாணம் வேல்ஸ்லதான் நடக்கணும். எங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

நவம்பர் முதல் சனிக்கிழமை என்று குறித்தோம்.

அக்டோபர் முடிந்தது. ஆடுகள் இறங்கின. எல்லை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வில்ஃப்ரெட் என் அலுவலகத்துக்கு வந்தார். சவரம் செய்த கன்னத்தில் இரண்டு வெட்டு.

"தள்ளிவெச்சுக்கலாம்னு சொல்றா, ஜெபமணி. தள்ளிவெச்சா மறுபடி முதல்லேருந்து கேக்கணும். எனக்கு அவ்வளவு தெம்பு இல்ல."

"வாங்க, மேல போய்ப் பாத்துடுவோம்," என்றேன்.

காய்ந்த பெரணிக்காட்டைத் தாண்டி, முன்பு கோட்டை இருந்த மண்மேட்டுக்குப் பின்னால், காற்றுப் படாத பள்ளத்தில் எல்லை படுத்திருந்தது. அதன் வயிற்றை ஒட்டி, ஒரு முழ நீளத்தில், புதிதாகப் பிறந்த எல்லை ஒன்று கிடந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.

வில்ஃப்ரெட் மண்டியிட்டார். தன் மேல்கோட்டைக் கழற்றிக் குட்டியைத் துடைத்து, அதிலேயே சுற்றினார்.

"இது எதுக்கும் எதுக்கும் நடுவுல இருக்கிற எல்லை?" என்று கேட்டேன்.

"கண்ணு திறந்தாத்தான் தெரியும்."

அவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தாய் எழுந்து, மோப்பம் பிடித்தபடி எங்கள் பின்னால் வந்தது. அதற்குப் பின்னால் பண்ணைகள் ஒவ்வொன்றாக வேல்ஸாகிக்கொண்டிருந்தன. வேலியோரம் நின்ற தபால்காரர் ஆங்கிலத்தில் ஆரம்பித்த வணக்கத்தை, எல்லை அவரைக் கடந்ததும், வெல்ஷ் மொழியில் முடித்தார்.

தேவாலயத்துக்கு ஐம்பது தப்படி முன்னால் வில்ஃப்ரெடின் முழங்கால் மடங்கியது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். எல்லையும் படுத்துக்கொண்டது. தேவாலயம் இன்னும் இங்கிலாந்தில்தான் இருந்தது.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த நெஸ்டா தன் வீட்டிலிருந்து இறங்கி வந்தார்.

"கோட்டு எங்க? இப்படி நடுங்குறியே."

"இதுக்குப் போத்தியிருக்கேன்."

நெஸ்டா தன் சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டார்.

"இது நகரலைன்னா இங்கிலாந்துலயே கட்டிக்கிறேன். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

வில்ஃப்ரெட் தலையை ஆட்டினார். "வேண்டாம். நீ ஒரு முனையைப் பிடி."

குட்டியின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து ஓடைவரை கொண்டுபோனார்கள். தாய் தொடர்ந்து போய்க் கரையில் படுத்தது. நான் பலகையைத் திருப்பி மாட்டினேன்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கல்யாணம். வில்ஃப்ரெட் இரண்டு முறை "சம்மதம்" என்றார். ஒருமுறை போதும் என்று போதகர் சொல்ல வேண்டியிருந்தது. நெஸ்டா சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

குட்டியை நெஸ்டாவின் அடுப்படியில், கம்பளிக் கூடையில் வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் கண் திறந்து, தவழ்ந்து போய், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே படுத்தது. இருவரும் அதை மிதிக்காமல் தாண்டப் பழகிக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்தைத் திறக்கப் போனபோது, வாசலில் பதின்மூன்றாம் நூற்றாண்டு மழையில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தது. பக்கத்து ஊரில் இடம் போதவில்லையாம், இங்கே தங்கலாமா என்று கேட்டது. பழைய பள்ளிக்கூடத்தின் மாடி காலியாகத்தான் இருந்தது. சாவியைக் கொடுத்து, மூன்றாவது படி கொஞ்சம் ஆடும், பார்த்து ஏறுங்கள் என்றேன்.