மத்தியானச் சாப்பாடு வரைக்கும்

மூன்றாவது முட்டையை வாணலியில் உடைத்து ஊற்றும்போதுதான் போன் அடித்தது. வலது கையெல்லாம் பிசுபிசுப்பு. இடது கையால் எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவன் பெயரைக் கேட்டாள், அவன் மனைவியின் பெயரைச் சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்தினாள்.

"பக்கத்துல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா சார்?"

"வீட்டுல நான்தாங்க பெரியவன். சொல்லுங்க."

சொன்னாள். ஆறரை மணிக்கு. தூக்கத்திலேயே. வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்கிறவன்போல அவன் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "சரிங்க, வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனை ஃப்ரிட்ஜின் தலையில் வைத்தான்.

"அப்பா, கருகுது," என்றாள் சின்னவள். ஒரு காலில் சாக்ஸும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அடுப்பைத் தணித்தான். முட்டையின் ஓரம் பழுப்பேறியிருந்தது. கரண்டியால் கிளறிவிட்டு, நேற்று மிஞ்சிய சோற்றை உதிர்த்துப் போட்டான்.

"யாருப்பா போன்ல?" பெரியவள் உள்ளேயிருந்து கேட்டாள். தலை பின்னிக்கொண்டிருந்தாள், வாயில் ஹேர்பின் இருந்ததால் குரல் குழறலாக வந்தது.

"வேலை எடத்துலேருந்து. ஒரு லிஃப்ட் நின்னுபோச்சாம்."

"உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்களா?"

"இல்லம்மா. உள்ள யாரும் இல்ல."

இப்படிச் சொல்ல வேண்டும் என்று அவன் திட்டம் எதுவும் போடவில்லை. வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். சொன்ன பிறகு சுற்றிலும் பார்த்தான். வாணலியில் சோறு இருந்தது. மேடைமேல் இரண்டு டிபன் பாக்ஸ்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. பஸ் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அவன் கேரட்டை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தான்.

பதினெட்டு வருஷமாக அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. சமையலறைக்கும் அவனுக்கும் இரண்டு மாதத்துக்கு முன்புவரை தண்ணீர் குடிக்கிற அளவுக்குத்தான் பழக்கம். ரத்தத்தில் வந்த நோய் என்று மனைவியை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த மறுநாள், இரண்டு பெட்டியிலும் ரொட்டியையும் ஜாமையும் வைத்து, மூடியைப் பட்டென்று அழுத்தி மூடி அனுப்பினான். சாயங்காலம் சின்னவளின் பெட்டி வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது.

"ஏன்டா செல்லம் சாப்பிடல?"

"தெறக்க வரல."

ஏழு வயதுப் பிள்ளையின் விரல் பலத்துக்கு எப்படி மூட வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஊர்ல இருக்கற கதவையெல்லாம் தெறந்து தெறந்து மூடறே. ஒரு டப்பா மூடி ஒன்கிட்ட வம்பு பண்ணுதா?" அவன் வீட்டுக்கு வந்து அரத்தை எடுத்து அந்தப் பெட்டியின் கொக்கியை ராவினான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் போனில் கூப்பிடுவாள். மறுநாள் சாப்பாட்டுக்கு என்ன வைப்பது என்பதுதான் பேச்சு. வேறு பேச்சு இல்லாமல் இல்லை. ஆனால் மற்றதெல்லாம் இதற்குள்ளேயேதான் வர வேண்டும். ஆப்பிளை நறுக்கி உப்புத் தண்ணீரில் முக்கி எடு, கறுக்காது. நறுக்கின துண்டையெல்லாம் மறுபடி முழுப் பழமாட்டம் சேர்த்து ரப்பர் பேண்டு போடு, சின்னது அதை அவிழ்க்கிற ஆசையிலேயே தின்னும். அவளுக்கு ஒன்றோடு ஒன்று ஒட்டக்கூடாது. நடுவில் வெள்ளரிக்காயைச் சுவர் மாதிரி நிறுத்து. பெரியவளுக்கு வாசனை வரக்கூடாது. மூடியைத் திறந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும் என்று வெட்கம், சொல்லமாட்டாள், சாப்பிடாமல் இருந்துவிடுவாள். சூடு அடங்காமல் மூடாதே, சோறு வியர்த்துப்போகும்.

வார்டில் வருகிற போகிற தாய்மார்களிடமெல்லாம், "உங்க புள்ளைக்கு என்ன கட்டறீங்க?" என்று விசாரித்து வைத்துக்கொள்வாளாம். ஒருநாள் அவன்தான் கேட்டான், "ஒரு வாரத்துக்கு மொத்தமா சொல்லிடேன், எழுதி வச்சுக்கறேன். தினம் எதுக்கு மூச்சு வாங்கணும்?"

"வேணாம். நாளைக்கு உள்ளத நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

நேற்றுச் சொன்னது இந்த முட்டைச் சோறு. சொல்லும்போது நடுநடுவே வெகுநேரம் சத்தம் இல்லை. லைன் சரியில்லை என்று நினைத்து அவன் இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்றான். "இருக்கேன், இருக்கேன்," என்றாள்.

சோற்றைத் தட்டில் பரப்பி விசிறினான். கேரட்டைக் குச்சி குச்சியாக நறுக்கினான். திராட்சையை இரண்டாகப் பிளந்தான். கத்தி ஒழுங்காகத்தான் வெட்டியது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

சின்னவள் எட்டிப் பார்த்தாள். "அம்மா சொன்ன மாதிரியே வந்திருக்கு. சாயந்தரம் போன்ல நான்தான் அம்மாகிட்ட சொல்லுவேன். நீ சொல்லிடாத."

"சரி. நான் சொல்லல."

பெரியவள் தன் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பன்னிரண்டு வயது. இந்த இரண்டு மாதத்தில் கேள்வி கேட்பதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டவள். தெருமுனைவரை மூவரும் நடந்தார்கள். சின்னவள் நடைபாதைக் கல்லைத் தாண்டித் தாண்டிக் குதித்து வந்தாள். பஸ் திரும்புவது தெரிந்ததும் பெரியவள் அவன் தோளைப் பார்த்தாள்.

"டூல்ஸ் பை எங்கப்பா?"

அவன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "போற வழியில எடுத்துக்கறேன்."

"வீட்டுலதான இருக்கு?"

பஸ் வந்து நின்றது. சின்னவள் முண்டியடித்து ஏறினாள். பெரியவள் கடைசியாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவனைப் பார்த்தாள். கையசைக்கவில்லை. அவனும் அசைக்கவில்லை. பஸ் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பி வந்து வாணலியைக் கழுவினான். கருகிய ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். அப்புறம், வேறு பாத்திரம் இல்லாததால், கழுவின வாணலியையே இன்னொரு தடவை கழுவினான். குழாயை மூடியதும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. "இங்க பாரு," என்று யாராவது கூப்பிட்டால் தேவலை என்றிருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். முகம் கழுவிவிட்ட முகமாக இருந்தது. தலைமாட்டில் ஒரு துணிப்பையில் அவளுடைய சாமான்கள்: சீப்பு, செருப்பு, மூக்குக் கண்ணாடி, போன், ஒரு குறிப்புத்தாள் கட்டு. தாள் கட்டை எடுத்துப் புரட்டினான். மாத்திரை நேரங்கள், ஒரு டாக்டர் பெயர், யாரோ ஒருத்தியின் போன் நம்பர். மற்றதெல்லாம் வெற்றுத் தாள். எதைத் தேடினோம் என்று அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது. நாளைக்கு உள்ளது எதிலும் இல்லை.

நர்ஸ் ஒருத்தி கையெழுத்து வாங்க வந்தாள். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"என் பையன் காய்னாலே ஓடுவான் சார். இவங்கதான் ஒரு வழி சொன்னாங்க. உருளைக்கிழங்கோட மசிச்சு ரொட்டிக்குள்ள மறைச்சு வையின்னு. இப்ப ஒழுங்கா காலி பண்ணிட்டு வரான்." கட்டிலின் விரிப்பை நேராக இழுத்துவிட்டுப் போனாள்.

கீழே கொண்டுபோக வார்டு ஆள் வந்தான். அகலமான லிஃப்ட். தள்ளுகட்டிலின் ஒரு பக்கம் வார்டு ஆள், ஒரு பக்கம் இவன். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கியது. பக்கவாட்டில் எண்ணெய் காய்ந்து உரசுகிற சத்தம் அவன் காதில் விழுந்தது. கீழே வந்து நின்றபோது தரைமட்டத்துக்கு அரை விரல் தாழ்ந்துபோய் நின்றது.

"இது எப்பவும் இப்படித்தாங்க," என்றான் வார்டு ஆள். "தூக்கித்தான் எறக்கணும்."

இருவருமாகக் கட்டிலின் முன்சக்கரத்தைத் தூக்கி, அலுங்காமல் வெளியே வைத்தார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவன் யாரிடமாவது சொல்லியிருப்பான்.

கீழே பெஞ்சில் அவளுடைய அக்கா வந்து உட்கார்ந்திருந்தாள். தையல் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்தவள்; கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அவனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"புள்ளைங்க எங்க தம்பி?"

"பள்ளிக்கூடத்துலக்கா."

"யாரு போய்க் கூட்டிட்டு வரா?"

"யாரும் போகல. அதுங்களுக்கு இன்னும் தெரியாது."

அவள் கையை விட்டுவிட்டாள். "ஒனக்கு எப்ப தெரியும்?"

"ஏழு மணிக்கு."

"ஏழு மணிக்கா? தெரிஞ்சுக்கிட்டேவா அதுங்களுக்குச் சோத்தக் கட்டி பஸ் ஏத்தி விட்ட? பெத்தவ இங்க கெடக்கறா. நாளைக்கு அதுங்க வளந்து ஒன்ன கேட்டா என்ன பதில் சொல்லுவ? கல்லாலயா அடிச்சுவச்சிருக்கு ஒன் நெஞ்ச?"

பெஞ்சில் இருந்த நாலுபேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் முட்டை வாடை போகவில்லை.

"மத்தியானம் சாப்பிட்டுரட்டும்கா," என்றான். "அவ சொல்லிக் கட்டினது. இதுக்கப்புறம் அதுங்க எப்ப வாய்க்கு ருசியாச் சாப்பிடும்னு எனக்குத் தெரியல. இந்த ஒரு வேளை சாப்பிட்டுரட்டும். அப்புறம் நானே போய்ச் சொல்றேன்."

அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவி, விரலில் சுற்றிச் சுற்றி, மடியில் வைத்தாள். பிறகு, "நான் இவகூட இருக்கேன். நீ நேரத்துக்குப் போ," என்றாள்.

பன்னிரண்டேகாலுக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். அலுவலக அறையில் இருந்த எழுத்தர் அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னான். இன்றைக்கு முழுவதும் அவன் வாயால் முதன்முதலாகச் சொன்னது இங்கேதான். முன்பின் தெரியாத ஒருத்தியிடம். அந்தம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"இப்பவே கூப்பிட்டு விடட்டுமா?"

"வேணாம்மா. சாப்பாட்டு மணி முடியட்டும். நான் இங்க நிக்கறேன்."

அவள் ஒரு நாற்காலியைத் தாழ்வாரத்தில் போட்டுத் தந்தாள். அவன் உட்காரவில்லை. எதிரே தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. மணி அடித்ததும் பிள்ளைகள் கும்பல் கும்பலாக வந்து பெஞ்சுகளில் நிறைந்தார்கள். ஒரே இரைச்சல். இந்த இரண்டு மாதமாகத் தான் கட்டித் தந்த சாப்பாட்டை யாரும் சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை. காலிப் பெட்டியைத்தான் பார்த்திருக்கிறான்.

சின்னவள் முன் பெஞ்சில் இருந்தாள். மூடி சட்டென்று திறந்துகொண்டது. கேரட் குச்சி ஒன்றைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள், அவளிடமிருந்து ஒரு பிஸ்கட் வாங்கினாள், கடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். முதலில் வெள்ளரிச் சுவரைத் தின்று தீர்த்தாள். பிறகு ஒரு வாய் சோறு, ஒரு கதை. ஒரு வாய் சோறு, ஒரு கதை.

பெரியவள் அந்தக் கோடியில், தன் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தாள். பெட்டியை மடியில் வைத்திருந்தாள். திறக்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிலிருந்து பார்வை மெல்ல நகர்ந்து தாழ்வாரத்துக்கு வந்தது. தூணுக்குப் பின்னால் ஒதுங்க அவனுக்கு நேரம் இருந்தது. ஒதுங்கவில்லை.

அவள் பார்த்தாள். அவனும் பார்த்தான். அத்தனை தூரத்தில் முகம் தெரிகிற அளவுக்கு அவன் கண் நன்றாக இல்லை. ஆனால் அவள் தோள் இரண்டும் கீழே இறங்கியது தெரிந்தது. ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தான். அதற்குத் தயாராகத் தாழ்வாரத்துப் படியில் ஒரு காலை வைத்தான்.

அவள் ஓடி வரவில்லை. எழுந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து சின்னவளிடம் போனாள். பள்ளிக்கூடத்தில் தங்கையோடு உட்காருகிறவளே இல்லை, கௌரவக் குறைச்சல். சின்னவள் நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டாள். பெரியவள் என்னவோ சொன்னாள். பக்கத்துப் பிள்ளையைத் தள்ளி உட்காரச் சொல்லி, அந்த இடத்தில் உட்கார்ந்தாள். தாழ்வாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சின்னவளை அவன் பார்வையிலிருந்து, அவனைச் சின்னவளின் பார்வையிலிருந்து, அந்த முதுகு மறைத்துவிட்டது.

பிறகு தன் பெட்டியையும் திறந்தாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். வெகுநேரம் மென்றாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள். டீச்சர் ஒருத்தி பெஞ்சை நோக்கி வந்தாள். பெரியவள் தலையைத் தூக்காமலே கையை மட்டும் உயர்த்தி, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று காட்டினாள். டீச்சர் தாழ்வாரத்தை ஒரு தரம் பார்த்தாள், நின்ற இடத்திலேயே நின்றாள்.

கொட்டகை காலியாகிவிட்டது. காகம் ஒன்று இறங்கி ரொட்டித் துண்டைக் கொத்திக்கொண்டு போயிற்று. அந்தக் குறுகலான முதுகு அசையவில்லை. அதன் ஓரத்தில் ஒரு சின்ன முழங்கை மட்டும், அவசரம் எதுவும் இல்லாமல், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.