ஐஸில் வைத்த பேரிங்

ஏழாயிரத்து இருநூறு முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டு, லேத்துப் பட்டறைக்காரர் விடிகாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். பணம் கொடுத்த வண்டிக்காரர் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இந்த நேரத்துல கேக்கறது தப்புதான்..."

"தெரியுதுல்ல?" என்ற கொழுந்தன் கூடத்துப் பக்கம் திரும்பினான். "அண்ணி, மிஷினை வித்து இவர் காசைக் குடுத்துரலாம். எஞ்சின் கேஸை அப்படியே எடுத்துட்டுப் போகட்டும்."

அவள் கணவரின் இருபுறமும் ஐஸ் பாளங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வந்து சேர மாலையாகும்.

"அப்படியேன்னா? அரைகுறையாவா?"

கம்பெனியில் தூக்கிப் போடச் சொன்ன எஞ்சின் கூடு அது. பேரிங் உட்காரும் குழி விண்டுபோயிருந்தது. இவர் வெல்டு வைத்து, பேரிங்கைவிட முடியளவு சிறியதாக நேற்றுதான் கடைந்து முடித்தார். கேஸைச் சுடவைத்தால் குழி விரியும், குளிரில் பேரிங் சுருங்கும்; அப்போது உள்ளே இறக்குவது ஒன்றுதான் பாக்கி. பேரிங்கை ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் படுத்தவர் எழவில்லை.

ஃப்ரீசரைத் திறந்தாள். ஐஸ்தான் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அந்த இரும்பு வளையமா? எடம் பத்தலைன்னு ஜன்னல்ல எடுத்து வெச்சேன்" என்றான் கொழுந்தன்.

வெயிலில் காய்ந்து கிடந்த பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். கணவரின் வலது கையை ஒட்டியிருந்த பாளத்தின்மேல் வைத்தாள்.

"அண்ணி! மனுஷன் கெடக்கற எடம்!"

"அவரு வேலைதானே. அவரு பக்கத்துலயே குளுரட்டும்."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வாய் வலிச்சா நிறுத்திருவாங்க."

அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, கேஸை வைத்து, மேலே அண்டாவைக் கவிழ்த்தாள். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் தெளித்தபோது சுர்ரென்று கொதித்து மறைந்தது. இத்தனை வருஷமும் பிடிப்பது அவள் கை, இறக்குவது அவர் கை. பேரிங் சாய்ந்தால் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். தட்டினால் வெல்டு பிளக்கும். கடைசி வேலையைக் கெடுத்துவிட்டுச் செத்தான் என்பதுதான் பிறகு பேச்சாக இருக்கும்.

பேரிங்கை எடுத்து ஈரம் துடைத்தாள். கேஸைப் பிடிக்க ஆளில்லை.

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். "நான் புடிக்கட்டா?"

"துணியை நாலா மடி. கை ஆடுச்சு, தொலைச்சுருவேன்."

அவள் மூச்சை அடக்கி, குழிக்கு நேராகப் பிடித்து விட்டாள்.

டொக்.

பேரிங் அடிவரை போய் உட்கார்ந்தது. கேஸ் ஆறியபின் வண்டிக்காரர் விரலை விட்டுச் சுழற்றிப் பார்த்தார். சத்தமில்லாமல் சுற்றியது. சட்டைப் பைக்குள் கை போனது.

"மேல எவ்வளவும்மா தரணும்?"

"ஒண்ணும் வேணாம். வாங்கின காசுக்கு வேலை முடிஞ்சுது. கேக்கறவங்ககிட்ட பட்டறை இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

கொழுந்தன் கேஸைத் தூக்கி வண்டிக்காரர் கையில் கொடுத்தான்.

அவள் கூடத்துக்கு வந்தாள். பாளத்தில் பேரிங் இருந்த இடம் வட்டமாகக் குழிந்து, அதில் தண்ணீர் நின்றது. அவருடைய விரல் நுனியில் கிரீஸ் கறுப்பு இன்னும் போகவில்லை. அதைத் துடைக்கத் துணியோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் கையமர்த்தினாள்.