ஷீனாவின் சுண்டுவிரல்

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் எங்கள் கோல்கீப்பர் ஷீனாவின் சுண்டுவிரல் ஒடிந்தது. ஜப்பானில் ஓர் இரண்டாம் டிவிஷன் கால்பந்துக் குழு அது; அதற்கு நான்தான் பிசியோதெரபிஸ்ட். ஐஸ்கட்டியில் அவன் கையை வைத்திருந்தபோதே மேலாளர் ஓனிஷி கதவைச் சாத்தினார்.

"நாளைக்குப் பன்னண்டு மணிக்கு ஆட்டக்காரங்க பேரை அறிவிக்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது, சயோரி."

விடவில்லை. ஆனால் காலையில் பார்த்தால் விரலுக்கு வைத்துக் கட்டும் தகடு தீர்ந்திருந்தது. வாங்கி வந்து மைதானத்தில் கொடுக்கும்படி டெட்சுஜியிடம் சொன்னேன். கணவர்தானே.

"விரலுக்கா?" மிசோ சூப்பை உறிஞ்சியபடி கேட்டார்.

"ஆமா. சின்னதா வாங்குங்க."

ஒன்பதரைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு ஓனிஷி என்னைக் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினார். ஏதோ வெளிநாட்டுத் தளம். எங்கள் ஆட்டத்தின் முடிவை அங்கே பங்குபோல விற்று வாங்குகிறார்கள். நாங்கள் ஜெயித்தால் ஒரு பங்குக்கு நூறு, இல்லாவிட்டால் பூஜ்யம். நேற்றெல்லாம் அறுபத்திரண்டில் இருந்தது, பத்து மணிக்கு நாற்பத்தொன்றுக்கு விழுந்திருந்தது.

"நம்ம ஆட்டத்த எவன் சீந்துறான்? நாம ஜெயிக்க மாட்டோம்னு ஒரே ஆள் பணத்தக் கொட்டி விலைய இறக்கியிருக்கான். முகாய் வேலைதான். காலைல அவன்கிட்ட, 'இன்னைக்கு நீதான் கீப்பர்'னு சொன்னேன். போனைப் பிடுங்கி வச்சிருக்கேன்."

முகாய் எங்கள் மாற்றுக் கீப்பர். அதுதான் அவனுக்கு முதல் ஆட்டம். உடைமாற்றும் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

வெளியே வந்து டெட்சுஜிக்குப் போன் போட்டேன்.

"நீங்களா?"

"நீ ஒண்ணும் சொல்லலையே. ஓடுறவனுக்கு விரல் போனா எவன் கவலைப்படுவான்? விரல்னா கீப்பர்தான். நானா யோசிச்சேன். மூளை இருக்கிறது குத்தமா?"

"முகாயைச் சந்தேகப்படுறாங்க."

"நம்ம சேமிப்பு முழுசையும் அதுல போட்டிருக்கேன். ஆட்டம் முடியிற வரைக்கும் வாயத் திறக்காத. சாயங்காலம் விலாங்குமீன் சாப்பிடப் போலாம்."

போனை வைத்துவிட்டு ஓனிஷியிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து முகாயிடம் போய், போனைத் திருப்பிக் கொடுத்து, இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

என்னிடம், "ஆட்டம் முடிஞ்சதும் உன் அடையாள அட்டையக் குடுத்துட்டுப் போயிடு," என்றார்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னிலையில் இருந்தோம். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. முகாய் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். அரங்கமே எழுந்து கத்தியது. நானும் கத்தினேன். எங்கள் சேமிப்பு அத்தனையும் அந்தக் கையோடு போனது எனக்கு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டில் டெட்சுஜி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். "சொல்லிட்டியா?" என்றார். ஆமென்று தலையசைத்தேன்.

இப்போது எனக்குப் பக்கத்து நகரத்தில் ஓர் எலும்பு மருத்துவமனையில் வேலை. சாப்பிடும்போது அவர், "இன்னைக்கு யாரு வந்தாங்க?" என்று சும்மாதான் கேட்பார். நான் மழையைப் பற்றி ஏதாவது சொல்வேன்.