பிறந்த வீட்டுக் கோடி

பாடையைக் கட்டி, கயிற்றையும் இழுத்துப் பார்த்தாயிற்று. கோடிச்சீலைதான் இன்னும் வந்தபாடில்லை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுச் சீலை போடாமல் பிணத்தை எப்படி எடுப்பது? கடல் தாண்டி வந்த வடிவம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இங்கே இருப்பது ஒரே ஒரு அண்ணன். அந்த அழகமுத்துவோ நேற்றிலிருந்து தலைகாட்டவில்லை.

எப்படிக் காட்டுவான், பாவி மனுஷன்! கண்டிக் கிடங்கு வாசலில் வண்டிமேல் நின்று கோப்பிக்கொட்டை மூட்டைகளை இறக்கிக் கொடுத்தவன் அவன். கீழே முதுகு கொடுத்தவன் அவளுடைய புருஷன் பழனியாண்டி. மாடு மிரண்டு வண்டியை இழுக்க, மூட்டை கைநழுவிப் பழனியாண்டியின் பிடரியில் விழுந்துவிட்டது.

"மச்சானையே கொன்னுட்டானே," என்று முற்றத்தில் முணுமுணுத்தார்கள். வடிவம்மாவுக்கும் வயிறு எரியத்தான் செய்தது. கெட்டியாகப் பிடித்திருக்கக் கூடாதா?

ஆனால் பாழாய்ப்போன மனசு மன்னார்க் காட்டுப் பாதைக்கே ஓடியது. இந்தச் சீமைக்கு நடந்து வந்தபோது காய்ச்சலில் சுருண்டவளை அங்கேயே விட்டுவிட்டு நடக்கச் சொன்னான் கங்காணி. பழனியாண்டியும் அண்ணனும் கேட்கவில்லை. மாறி மாறி முதுகில் சுமந்தார்கள்.

"ஒன் தங்கச்சி நெல்லு மூட்டையாட்டம் கனக்குறா மச்சான்," என்பான் பழனியாண்டி.

"கனக்குதுன்னா எங்கிட்டக் குடு மாப்ள."

லேசில் கொடுக்கமாட்டான். அந்தக் காய்ச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. என்ன நாட்கள் அவை! சோறில்லை, தண்ணியில்லை, ஆனாலும் ராணிமாதிரி அல்லவா வந்தாள்.

அடுத்த காம்பரா அறையிலிருக்கும் பேச்சியம்மா மடித்த சீலையோடு உள்ளே வந்தாள். "இந்தா புள்ள, ஒங்கண்ணன் குடுத்துவிட்டான். வேலியோரம் நிக்கிறான். ஒன் மொகத்துல முழிக்க மாட்டானாம். நானே போட்டுவிடுறேன், குனி."

வடிவம்மா குனியவில்லை. "கொண்டாந்தவரு எங்க?"

"நேரமாகுது தாயி."

"ஆகட்டும். எங்கண்ணன் கையாலதான் போடணும். இல்லாட்டி எடுக்க வேணாம்."

பேச்சியம்மா வெளியே போய்ச் சொன்னாள். முணுமுணுப்பு அடங்கியது. பெண்கள் ஒதுங்கி வழிவிட, அழகமுத்து தலை குனிந்தபடி வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் போட்ட சீலை தோளில் நிற்காமல் தரையில் சரிந்தது.

"வடிவு, மாடு வந்து…"

"தெரியும்ணே. போடு."

சீலையை எடுத்து மறுபடியும் போட்டான். அவள் அதன் மறுமுனையை இழுத்து அவன் தலையையும் சேர்த்து மூடினாள். வெளியே யாரோ, "தூக்குங்கப்பா," என்றார்கள். இரண்டு பேரும் சீலைக்குள்ளேயே இருந்தார்கள்.