சுவரில் கட்டுப் போட்ட தலை

என் கணவர் கிளெம் ராட்லியின் முகத்தை அவர் முன்பு ஆடிய ஆஸ்திரேலிய ஃபுட்பால் கிளப்பின் சுவரில் இரண்டு மாடி உயரத்துக்கு வரைந்திருந்தார்கள். தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. கட்டுக்குள்ளிருந்து கசிந்த ரத்தம் புருவம் வரை இறங்கியிருந்தது. வரைந்தவன் அந்த ரத்தத்தை ரசித்து ரசித்து வரைந்திருந்தான். கீழே பெரிய எழுத்தில், 'களத்தை விட்டுப் போகாதவன்' என்று.

கிளெம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "காது கொஞ்சம் பெருசா இருக்குல்ல, கிளெனிஸ்?" என்றார்.

"காதா இப்ப முக்கியம்?" என்றேன்.

"சும்மா இரு. கூப்பிட்டிருக்காங்க. வந்திருக்கோம். நாலு பேர் முன்னால சண்டை வேணாம்."

எனக்குச் சண்டை போடத்தான் வாய் துடித்தது. பதினெட்டு வயதில் கிப்ஸ்லாந்து மாட்டுப் பண்ணையிலிருந்து மெல்பர்னுக்கு வந்தவர் கிளெம். பதினோரு சீசன் கோல் கம்பங்களுக்கு முன்னால் நின்று, பாய்ந்து வருகிறவர்களையெல்லாம் உடம்பால் தடுத்தார். விரல்கள் உடைந்தன, மூக்கு உடைந்தது, முட்டி போயிற்று. முட்டி போனதும் கிளப் ஒரு போன் செய்து 'போதும்' என்றது. அவர் முணுமுணுக்கவில்லை. மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஐம்பது தாண்டியதும் மறதி வந்தது. பால் வாங்கப் போனவரை ரயில்நிலையத்தில் போய்த் தேடிப் பிடித்து வந்தேன். மகளைத் தன் தங்கை பேர் சொல்லிக் கூப்பிட்டார். காரணமே இல்லாமல் சுவரைக் குத்திவிட்டு, யார் குத்தியது என்று என்னையே கேட்டார். டாக்டர் மூளை ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு, தலையில் எத்தனை அடி பட்டது என்று விசாரித்தார். எங்கே எண்ணுவது? ஒவ்வொரு சனிக்கிழமையும் அடிதான். அந்த வருஷங்களில் கிளப்பிலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது சுவர் புதிதாகக் கட்டியாயிற்று, சுவருக்கு ஒரு முகம் வேண்டும். உடனே கிளெம் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

மேல்மாடி ஹாலில் கூட்டம். ஒரு கையில் பீர், இன்னொரு கையில் கறி அடைத்த பேஸ்ட்ரி. கிளப் தலைவர் டிரெவர் ஓல்ட்ரிட்ஜ், அந்த நாள் பயிற்சியாளர் வாலி பிரன்டனை மேடைக்கு அழைத்தார். வாலிக்கு எண்பது தாண்டிவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

இறுதி ஆட்டத்தின் கதையைச் சொன்னார். இரண்டாவது கால்பகுதியில் எதிரணிக்காரன் முழங்கை பட்டு கிளெம் மயங்கி விழுந்தார். இடைவேளையில் உடைமாற்றும் அறையில் டாக்டர், 'இன்னிக்கு என்ன கிழமை?' என்று கேட்டார். "நம்ம ஆளு சொல்றான், 'ஃபைனல் கிழமை டாக்டர், மத்ததெல்லாம் நாளைக்குச் சொல்றேன்'னு. இவன் நல்லாத்தான் இருக்கான், கட்டைப் போட்டு அனுப்புங்கடான்னேன்."

ஹால் அதிரச் சிரித்தது. நான் பல வருஷமாகக் கேட்ட கதைதான். கிளெமும் சிரித்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

"நல்ல கதை," என்றார். "ஆனா நான் அங்க இல்ல."

மறுபடி சிரிப்பு.

"ஜோக் இல்லப்பா. அந்த மேட்சுல ஒரு நிமிஷம்கூட எனக்கு ஞாபகம் இல்ல. கப்பைத் தூக்கினது ஞாபகம் இல்ல. வீடியோ பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்." பேச்சு தடுமாறியது. சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒண்ணு மட்டும் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நான் அவ்வளவு சட்டுனு ஜோக்கடிக்கிற ஆளு கிடையாது. வேணும்னா கிளெனிஸைக் கேளுங்க. கல்யாணம் ஆனதிலேர்ந்து ஒரு ஜோக் சொன்னதில்ல. வாலி, நான் நிஜமாவே அப்படியா சொன்னேன்?"

வாலி சிரித்தபடி, "சொன்னியேப்பா" என்றார்.

"நெஜமா?"

வாலியின் சிரிப்பு அப்படியே நின்றது. டிரெவர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். கிளெம் கொடுக்கவில்லை.

"இல்ல," என்றார் வாலி. அவர் கையில் மைக் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்னு கேட்டே. சொன்னோம். மறுபடியும் கேட்டே. அழுதே. டாக்டர் அனுப்பாதேன்னார். நான் அவரை வெளியே போகச் சொன்னேன்."

"அப்ப ஜோக்?"

"அப்புறம் பத்திரிகைக்காரங்க கேட்டாங்க. ஏதாவது சொல்லணும்ல."

அவ்வளவுதான் விஷயம். அழுதுகொண்டிருந்த ஒரு பையனைக் களத்துக்குள் தள்ளிவிட்டு, அவன் வாயில் ஒரு நகைச்சுவையையும் திணித்துவிட்டார்கள். அதையே ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

கிளெம் மட்டும் நிதானமாகத் தலையாட்டினார். "அப்படின்னா அந்த எழுத்தை அழிச்சிடுங்க, டிரெவர். களத்தை விட்டுப் போகாதவன் இல்ல. போக விடலை."

மறுநாள் டிரெவர் போன் செய்தார். "கிளெம் மேல எல்லாருக்கும் மரியாதைதான் கிளெனிஸ். ஆனா நேத்து கொஞ்சம் சங்கடமாயிடுச்சு. அவரோட உடம்பு நிலைமையில குழம்பிப் பேசிட்டார்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"குழப்பமா? அந்த ஹால்லயே குழம்பாம பேசினவர் அவர் ஒருத்தர்தான்," என்றேன். "தலையை உடைச்சீங்க. இப்ப அந்த உடைஞ்ச தலையையே சாக்கா வெச்சு அவர் வாயையும் அடைக்கப் பாக்கறீங்களா? உங்களுக்கு வெக்கமே கிடையாதா?"

பதில் வருவதற்குள் வைத்துவிட்டேன்.

எழுத்தை அழிக்கவில்லை. அதன்மேல் ஒரு பீர் விளம்பரப் பலகையை மாட்டிவிட்டார்கள். கட்டும் ரத்தமும் அப்படியே இருக்கின்றன.

அடுத்த வாரம் வாலி தனியாக வீட்டுக்கு வந்தார். சமையலறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் டீ போடவில்லை.

"ஜெயிக்கணும்னு இருந்துச்சு, கிளெனிஸ். அப்ப அவ்வளவுதான் தெரிஞ்சுது."

"டாக்டர் சொன்னாரே. அது காதுல விழலையா?"

கிளெம் எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டார். பால் எங்கே இருக்கிறது என்று அலமாரியெல்லாம் திறந்து பார்த்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். வாலிக்கு டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, "உங்க இடுப்பு ஆபரேஷன் எப்படி ஆச்சு?" என்று விசாரித்தார். இருவரும் இந்த சீசன் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். போகும்போது வாலி அழுதார். கிளெம் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்து, கேட் வரை கூடவே போனார்.

அவர் மன்னித்துவிட்டார் என்று மகள் சொல்கிறாள். மறந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. எதுவாக இருந்தாலும் அது அவர் விஷயம். நான் மன்னிக்கவும் இல்லை, எதையும் மறக்கவும் இல்லை.