ஃபிரிஜ்ஜோடு ஒட்டிய மேஜை

1

இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது. அக்காவிடம் நேரே சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்ல நா எழவில்லை. அதனால் அவள் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து…’ வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: ‘தையல் மெஷின் ரிப்பேர் செய்யும் என் அக்கா, எரிபொருளே இல்லாமல் தானாக ஓடும் சக்கரம் ஒன்றைச் செய்துவிட்டாள்.’ இது இருக்கட்டும். இதில் ஒரே ஒரு பொய் இருக்கிறது.

2

சாப்பாட்டுத் தட்டு அளவு அலுமினியச் சக்கரம். விளிம்பில் ஈய உருண்டைகள். பின்பக்கமாகச் சுற்றாமல் தடுக்க ஒரு சின்னக் கொக்கி. இடமில்லாததால் மேஜையைப் பழைய ஃபிரிஜ்ஜோடு ஒட்டிப் போட்டிருக்கிறாள். அந்த ஃபிரிஜ் ஓயாமல் உறுமி அதிரும்.

நேற்று அக்கா கடைக்குப் போயிருந்தபோது, போனுக்குச் சார்ஜ் போட ஃபிரிஜ் பிளக்கைப் பிடுங்கினேன். சக்கரம் தயங்கியது, நின்றது. பதறிப்போய்த் திரும்பச் சொருகினேன். கிளம்பிவிட்டது!

நாளை ஞாயிற்றுக்கிழமை, கண்டுபிடிப்பாளர் சங்கத்தின் காட்சி. போன வருஷம் அவளுடைய நீராவி எஞ்சின் தலைவர்மேல் வெந்நீரைத் துப்பியதும் கூடமே சிரித்தது. இந்த முறை சிரிக்க விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

(அக்காவின் கணவர், பஸ் டிரைவர், கதைக்குள் வர வேண்டுமா? சந்தேகம்தான். மாமா இந்த வீட்டில் செய்வதெல்லாம் மேஜை ஆடாமல் பிடித்துக்கொள்வது. பின்னால் தேவைப்படலாம், இருக்கட்டும்.)

3

முடிவு ஒன்று: நான் வாயே திறக்கவில்லை. கூடத்தில் சக்கரம் அசையவில்லை. அக்கா அதைத் துணியில் சுற்றிக்கொண்டு… வேண்டாம், அடித்துவிடுகிறேன்.

முடிவு இரண்டு: நான் சொல்லிவிடுகிறேன். அக்கா அழு

4

அந்த வாக்கியம் முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று அவள் படித்துவிட்டாள்.

“நான் எப்படா அழுதேன்?”

நேரே போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். சக்கரம் நின்றது. சொருகினாள், ஓடியது. மறுபடி பிடுங்கினாள். அவள் முகம் சுண்டிப்போனது.

“இதை வாயால சொல்றதுக்கு என்னடா கேடு? கதையா எழுதணுமா?”

சத்தம் கேட்டு வந்த மாமா மெதுவாக, “போகட்டும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார்.

அக்கா கொக்கியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு அடுத்த வருஷம்? இந்தப் பொட்டி சும்மா நடுங்கி வீணாக்கறதைப் பிடிச்சு என் சக்கரம் ஓடுது. அது எஞ்சின் இல்லையா? கொக்கிய வெச்சது நான்தானே? ஃபிரிஜ்ஜும் நாளைக்கு வருது.”

“சிரிப்பாங்களேக்கா.”

“சிரிக்கட்டும். முடிச்சதும் பிளக்கைப் பிடுங்கிக் காட்டறேன்.”

5

மூன்றாவது முடிவு உங்கள் பொறுப்பு. கூடம் சிரித்ததா, கைதட்டியதா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அக்காவை மட்டும் அழவைக்காதீர்கள், படித்துவிடுவாள்.

ஃபிரிஜ்ஜிலிருந்த பாலும் தக்காளியும் இப்போது என் காகிதங்கள்மேல் இருக்கின்றன. விடிந்துவிட்டது, வேன் வாசலில் நிற்கிறது. மாமா ஃபிரிஜ்ஜை ஒரு பக்கம் பிடித்துவிட்டார்.

“கதாசிரியரே, அந்தப் பக்கம் யாரு வந்து தூக்குவா?” என்கிறாள் அக்கா.

பேனாவை மூடுகிறேன்.